ஒரு டிக் போடாமல் போனவனுக்கு

உன் கம்ப்யூட்டர்மேல் இன்னும் உன் பழைய கைலிதான் போர்த்தியிருக்கிறது. நீலக் கட்டம் போட்டது, ஓரத்தில் பீடி சுட்ட ஓட்டை. அதை உருவிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். இரண்டு நிமிடம் கிணற்று மோட்டார் மாதிரி முனகியது. பிறகு பின்பக்கத்திலிருந்து அந்த வாடை வந்தது: சூடேறிய தூசியும், போன ஆயுத பூசைக்கு நீ அப்பிய சந்தனமும் சேர்ந்து கருகும் வாடை. அதை முகர்ந்ததும் நான் அழுவேன் என்று உன் மனைவி எதிர்பார்த்தாள் போல. முந்தானையைத் தயாராகப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். எனக்கு வந்ததோ கோபம்.

"இன்னாண்ணா, ஆன் ஆவுதா?"

"ஆவுதும்மா. உன் வூட்டுக்காரன் மாதிரியே ஆவுது. ஒரு வேலைக்கு மூணுவாட்டி கெஞ்சணும்."

திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்து எத்தனையோ காலம் ஆகிறது. மாற்று, மாற்று என்று தலையில் அடித்துக்கொண்டேன். நீ மாற்றவில்லை. அதனால் அந்தப் பெட்டி ஒவ்வொரு தடவை கண் விழிக்கும்போதும் தான் பிறந்த வருஷத்துக்கே போய் நின்றுகொள்கிறது. அந்த வருஷத்தில் உனக்குத் தலையில் முடி இருந்தது. எனக்குத் தொப்பை இல்லை. நீ போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது என்று வடக்கனந்தல் முழுக்கத் தெரியும். உன் கருமாதியில் நாலு வடை தின்றுவிட்டு ஐந்தாவதைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு போன உன் உரக்கடை முதலாளிக்கும் தெரியும். அந்தப் பெட்டிக்கு மட்டும் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் அங்கே போனது உன் நினைவு வந்து அல்ல. அவ்வளவு நல்லவன் இல்லை நான் என்பது உனக்குத் தெரியும். செல்லாயி அக்கா வந்து என் சட்டையைப் பிடிக்காத குறையாக நின்றதால் போனேன். மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, கச்சிராயபாளையத்தில் இறங்கி, என் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"இன்னா கதை எழுதறவரே, எங்க பேப்பரு இன்னா ஆச்சி?"

"அவன் போயிட்டானேக்கா."

"அது எனக்குத் தெரியாதா? ஊரோட வேன் வெச்சி வந்து அழுதுட்டுதானே போனோம். அழுகைய முடிச்சாச்சி. இப்ப பேப்பரக் கேக்கறேன்."

எந்தப் பேப்பர் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலைமேல் அவர்கள் ஊரில் முப்பத்தொரு குடும்பம் சாமையும் மரவள்ளியும் போடும் நிலத்துக்கு உரிமை கேட்டு எழுதிய பட்டியல். யார் காடு எங்கே, கிழக்கே யார், மேற்கே எந்தப் பாறை என்று நீயும் நானும் இரண்டு நாள் அலைந்து எழுதி வந்தோமே, அது. நோட்டு அப்புறம் மழையில் கூழாகிவிட்டது. நீ அதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்ததால் பிழைத்தது. வெள்ளிக்கிழமை நில உரிமை மனு வாங்கும் ஆபீசில் கூட்டமாம். அன்றைக்குப் பட்டியலைக் கொடுக்காவிட்டால் அடுத்த கூட்டம் எப்போது என்று அந்த ஆபீசுக்கே தெரியாதாம்.

"எங்கப்பன் கல்லு பொறுக்கித் தெளிச்ச காடு," என்றார் அக்கா. "நாளைக்கு எவனாச்சும் வந்து எறங்குன்னா, நான் எங்க எறங்கறது? சொல்லு."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் என் புத்திசாலித்தனத்தைக் கேள். பட்டியல் இருந்த கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு ஓடினேன், மேகலாவின் டிடிபி கடைக்கு. அங்கே திறந்தால் திரை முழுக்க மீன்முள்ளும் கொசுவும். மேகலா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணா, இது ஏதோ பழைய ஃபாண்டுல அடிச்சது. அந்த ஃபாண்டையும் சேத்து எடுத்தாரணும். பேரு இன்னா?"

"ஃபாண்டுக்கு பேரு வேற வெப்பாங்களா?"

"மாப்பிள்ளைய மட்டும் ஏத்திக்கினு தாலிய வூட்டுலயே வெச்சிட்டு வந்திருக்கீங்க."

திரும்ப வந்து தாலியை எடுக்கப் பார்த்தால், உன் பெட்டி பென்டிரைவையே அடையாளம் தெரியாது என்றுவிட்டது. ஒரு தடவை வாய் திறந்ததோடு பென்டிரைவ் செருகும் அந்த ஓட்டை செத்துப்போயிற்று. ஆக, அச்சு எடுப்பதென்றால் உன் கம்ப்யூட்டர், உன் ஃபாண்ட், உன் பிரிண்டர். வேறு வழியே இல்லாமல் என்னைக் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். உயிரோடு இருந்தபோதும் இதைத்தானே செய்தாய்.

அச்சு கொடுத்தேன். வந்தது. ஈரம் போக வெயிலில் காயவைத்த பேப்பர்தான், நீ செய்வதுபோலவே. ஆனால் பழைய கதைதான். திரையில் எல்லா எழுத்தும் இருக்கிறது, காகிதத்தில் 'டு' மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய இடமெல்லாம் பல் விழுந்த வாய் மாதிரி காலி. வீடு, காடு, மேடு, மாடு எதற்கும் பின்பாதி கிடையாது. முப்பத்தொரு குடும்பத்தின் காட்டையும் உன் பிரிண்டரே பாதி பிடுங்கிக்கொண்டது.

அந்த ஒரு எழுத்துக்காக நீ என்னவெல்லாம் செய்தாய்! ஃபாண்டை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாய். பிரிண்டரைக் கழற்றி மாட்டினாய். விபூதி பூசினாய். எதுவும் நடக்காதபோது அதன் வலப்பக்கத்தில் உள்ளங்கையால் மூன்று தட்டு தட்டுவாய். "தட்டினா கேக்கும்டா. எல்லாம் சூடுதான்" என்பாய். கேட்கவில்லை. கடைசியில் கறுப்புப் பேனாவை எடுத்து, காலியாக விட்ட ஒவ்வொரு இடத்திலும் 'டு' எழுதினாய். அச்சு எது, உன் கை எது என்று கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு சுத்தம். அதன்பிறகு அதுவே உன் தொழில்முறை ஆகிவிட்டது. வருஷக்கணக்காக மலையிலிருந்து இறங்கிய மனு அத்தனையிலும் 'டு' மட்டும் கையால் எழுதியது.

நெஞ்சை அடைத்த அன்று காலையிலும் நீ இதைத்தான் செய்தாயாம். உன் மனைவி சொன்னாள். "கேஸ்தான், ஒரு சோடா வாங்கியா" என்று சொல்லிவிட்டு, நெஞ்சில் உள்ளங்கையால் மூன்று தட்டு தட்டினாயாம். அடப்பாவி. அது பிரிண்டராடா?

இதை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பெல்லாம் எரிகிறது. வண்டி இருந்தது. ஆஸ்பத்திரி இருந்தது. என் போன் நம்பர் இருந்தது. கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்றும் எனக்குத் தெரியும். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பட்டியலை முதல் தடவை அச்செடுத்த அன்று, நிரப்ப வேண்டிய இடம் எக்கச்சக்கம். பாதிப் பக்கத்தை என்னிடம் தள்ளினாய். நான் வாயாலே வம்பளந்துகொண்டே எழுதினேன். உன் பக்கத்து வீட்டுக்காரர் மருமகளோடு பேசாத கதை என்று நினைக்கிறேன். நடுவில் கறுப்புப் பேனா தீர்ந்தது. எழுந்துபோய் வாங்கச் சோம்பல். சட்டையில் இருந்த நீலப் பேனாவால் மிச்சத்தை எழுதி, நடுவில் செருகி வைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

அதை எடுத்துக்கொண்டு நாம் போன ஆபீசில், தலைமுடிக்குக் கறுப்பு மை பூசிய அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, நடுவில் நின்றார்.

"இது இன்னாங்க, பாதி கருப்பு, பாதி நீலம்? பின்னாடி எழுதிச் சேத்தீங்களா? யாரு எழுதினது?"

நான் கூரையில் ஓடும் மின்விசிறியை ஆராய்ந்தேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான்தான் சார் எழுதினேன்."

"திருத்தம் பண்ண பேப்பரு செல்லாது. பேனா படாம எடுத்துக்கினு வாங்க."

படியிறங்கும்போது அந்தப் பேப்பர்க் கட்டை நாலாகக் கிழித்தாய். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "உன் ஓட்டப் பொட்டியத் தூக்கி கோமுகி டேம்ல போடு" என்றேன். நீ சொன்னது ஒன்றே ஒன்று: "பொட்டியத் திட்டாத." அதற்குப் பிறகு மூன்று வாரம் நாம் பேசவில்லை. நான்காவது வாரம் பேசுவதற்கு நீ இல்லை.

நான் நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறவன். இதை எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். சிரிக்கும்படி ஒரு விதமும் அமையவில்லை.

சரி, கதைக்கு வா. உன் பிரிண்டர் முன்னால் உட்கார்ந்து மேகலாவுக்குப் போன் போட்டேன். திரையில் தெரியுது, பேப்பரில் இல்லை என்றேன். அவள் யாருக்கோ கல்யாணப் பத்திரிகை விலை சொல்லிக்கொண்டே எனக்கும் பதில் சொன்னாள்.

"ப்ரிண்ட் குடுக்கற பொட்டில ப்ராப்பர்டீஸ்னு இருக்கா? உள்ள போங்க. எழுத்த படமா அனுப்பறதுன்னு ஒரு கட்டம் இருக்கும். டிக் போடுங்க. ஓக்கே குடுங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாண்ணா."

போட்டேன். அச்சு வந்தது. வீடு முழு வீடாக வந்தது. காடு முழுக் காடாக வந்தது. கடைசிப் பக்கம் வரை ஒரு ஓட்டை இல்லை. உன் மனைவி கைதட்டினாள். எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி வாசலில் போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது. ஒரு டிக்! இத்தனை வருஷம், இத்தனை பேனா, ஒரு சண்டை, மூன்று வாரம். ஒரு டிக் போட உன்னால் முடியவில்லை. எனக்கு நாலு பேரிடம் கேட்டுச் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் செல்லாயி அக்கா வந்தார். அச்சடித்த கட்டைப் பெருமையாக நீட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், ஐந்து பக்கம்.

"இது அவரு அடிச்சது இல்ல."

"அவன் அடிச்சதுதாங்க்கா. இப்ப நான் அச்சு எடுத்தேன், அவ்ளோதான்."

"அவரு பேப்பர்னா பேனா குத்தின தடம் இருக்கும். வெரலுக்குப் படும். எழுத்து தெரியாத ஜனத்துக்கு அதான் எழுத்து. ஒருவாட்டி எவனோ வேற பேப்பரக் காட்டி, இதுவும் அவரு அடிச்சதுதான்னு சொல்லி கையெழுத்து கேட்டான். தடவிப் பாத்தோம். வழவழன்னு இருந்துச்சி. தொரத்திவுட்டோம்." கட்டை என்னிடமே திருப்பித் தந்தார். "இதுல எங்க ஊர்ல ஒருத்தன் கைநாட்டு வெக்கமாட்டான்."

ஆபீசுக்குப் பேனா படக்கூடாது. மலைக்குப் பேனா படாவிட்டால் ஆகாது. நடுவில் நான்.

உனக்கு அந்த டிக் தெரியுமா? தெரிந்தேதான் போடாமல் இருந்தாயா? இல்லை, தெரியாமலே தட்டிக்கொண்டிருந்தாயா? கேட்க வேண்டும். ஆளைக் காணோம். எனக்கு உன்மேல் இருக்கும் கோபத்தில் முக்கால்வாசி இதுதான்.

கடைசியில் டிக்கை எடுத்துவிட்டு இன்னொரு பிரதி அச்செடுத்தேன், ஓட்டையோடு. புதுக் கறுப்புப் பேனா இரண்டு வாங்கினேன். உன் நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து 'டு' எழுத ஆரம்பித்தேன். அக்கா எதிரே காபி குடித்துக்கொண்டு காவல் இருந்தார். முடித்ததும் வாங்கித் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"உன் தடம் ஜாஸ்தி ஆழமா கீதே. கோவத்துல எழுதினியா?"

"ஆமாங்க்கா."

"அவரு மேலயா?"

நான் பேனாவை மூடினேன். அக்கா பேப்பரை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார். "சரி, ரெண்டும் ஒண்ணுதான்னு நீயே வந்து படிச்சிச் சொல்லு. தப்பா இருந்தா அங்கியே ஒதைப்பாங்க" என்றார்.

மலையேறினேன். வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்காமல் இருந்ததே என் சாதனை. தடம் உள்ள பிரதியை ஊரே கைமாற்றித் தடவ, தடம் இல்லாத பிரதியை நான் உரக்கப் படித்தேன். கிழக்கே அண்ணாமலை காடு. மேற்கே ஆனைப்பாறை மேடு. தன் காடு வந்ததும் ஒவ்வொருவராக எழுந்து வந்து நான் படித்த பிரதியில் கைநாட்டு வைத்தார்கள். தடம் உள்ளதை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை அதே மைத்தலைக்காரர். ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்காத ஏமாற்றத்தில் முத்திரை குத்தினார். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடத் தன் சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை. நான் என்னுடையதை நீட்டினேன்.

"கருப்பா? நீலம் இல்லியா?"

"இல்ல சார். நான் நீலம் வெச்சிக்கறதில்ல."