வராத முந்தி

கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் இருக்கும் அந்தச் சின்ன விளக்கு இன்று காலை முழுக்க அணையவே இல்லை. சேலை முந்திக்கு டிசைன் வாங்க வந்த நெசவாளர் டீயைக் குடித்து முடித்தார், பேப்பரைப் படித்து முடித்தார், கடைசியில் என் முகத்தைப் பார்த்து, "இன்னாம்மா, மிஷினு தூங்கினு இருக்குதா?" என்று கேட்டேவிட்டார். விளக்கு சிமிட்டாமல் நின்று எரிந்தால் உள்ளே ஃபைல்களை வைத்திருக்கும் வட்டு திணறுகிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. திணறலை எடுத்துவிடுகிறவளும் நீதான். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் யாரைக் கூப்பிடுவேன், சொல்லு?

ஏனாத்தூர் காலேஜில் படிப்பு முடிந்த கையோடு நாம் இருவரும் சேர்ந்து போட்ட கடை இது. தறிக்கு வேண்டிய டிசைனை கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற வேலை. கரை என் பங்கு, முந்தி உன் பங்கு, மிஷின் முழுக்க உன் ராஜ்ஜியம். முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் அதைத்தான் தட்டுவாய். லினக்ஸ் போட்டவளும் நீதான். எனக்குக் கட்டளை தட்டுகிற அந்தக் கறுப்புத் திரையைக் கண்டாலே பயம். "பயப்படாதடி, இது சொன்ன பேச்சைக் கேக்கும், உன்னை மாதிரி இல்ல" என்பாய்.

பழைய வட்டை எடுத்துவிட்டு வேகமான எஸ்.எஸ்.டி. வட்டு வாங்கிப் போட்ட அன்று நான் செய்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? வேகத்தை நானே சோதித்துப் பார்க்கிறேன் என்று கிளம்பினேன். இருப்பதிலேயே பெரிய ஃபைலாகத் தேடி, ஒரு சேலையின் உடல் பகுதியை எடுத்து நகல் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. நான் குதித்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"அடி லூசு, வெறும் ஒடம்பைப் போட்டா அப்படித்தான் பறக்கும். மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே அரக்கு. எழுதும்போதே சுருக்கி எழுதுன்னு நான் சொல்லி வெச்சிருக்கேன். 'எல்லாம் அரக்கு'ன்னு சின்னதா எழுதிட்டு அது கம்முனு ஒக்காந்துக்கினு இருக்குது. முந்தியைப் போட்டுப் பாரு, அப்பத் தெரியும் அதோட வண்டவாளம்."

முந்தியைப் போட்டோம். ஜரிகையும் மயிலும் சக்கரமுமாக ஒவ்வொரு புள்ளியும் வேறு வேறு. அப்போதுதான் வட்டின் உண்மையான வேகம் தெரிந்தது. இரண்டாம் முறை அதே முந்தியைத் திறந்தபோது சட்டென்று வந்தது, நான் மறுபடி குதித்தேன். "அது வட்டு இல்லடி, மெமரில தங்கி இருக்குது. அதைக் காலி பண்ணிட்டு அள" என்று தலையில் குட்டினாய். மிஷின் மெதுவாகப் போனால் உனக்கு ஒரு வரிசை உண்டு. "முதல்ல எடம் பாரு, அப்புறம் சூடு பாரு, கடைசியாத்தான் வேகம் பாரு."

ஊருக்கெல்லாம் முந்தி வரைந்தாயே, உனக்கென்று ஒன்று வரையக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன். "வரைஞ்சுக்கினுதான் இருக்கேன். எவளும் கட்டியிருக்க மாட்டா, அப்படி ஒண்ணு" என்றாய். வட்டில் உன் பெயரில் இருந்த ஃபோல்டரைக் காட்டி, "அதுல கை வெக்காத. முடிஞ்சதும் நானே காட்டறேன்" என்றாய். அந்த ஃபோல்டர் மாதாமாதம் பெருத்துக்கொண்டே போனது. எனக்கு உள்ளூரப் பெருமை. இவ்வளவு பெரிய முந்தியா, கழுதை என்னமோ பெரிதாகத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தக் காய்ச்சல். முகூர்த்த வேலை முடியட்டும் என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நாள் கடந்துவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லையடி. உன்மேல் வரும் கோபம்கூட ஆறவில்லை.

போன வாரம் உன் தங்கை வந்தாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "எங்க அக்கா தனக்குன்னு ஒரு முந்தி வரைஞ்சுதாமேக்கா? அதையே நெய்ஞ்சு குடுத்துடுங்க. நான் அதைத்தான் கட்டிக்குவேன்" என்றாள். கட்டாயம் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, அந்த ஃபோல்டரைத் திறக்க மனசு வரவில்லை. திறந்துவிட்டால் நீ எனக்குக் காட்ட வேண்டியது எதுவும் மிச்சம் இருக்காதே என்று இருந்தது.

இன்று வேறு வழியில்லை. நெசவாளரை மத்தியானம் வரச் சொல்லிவிட்டு உன் வரிசைப்படியே பார்த்தேன். முதலில் இடம். வட்டு கழுத்து வரைக்கும் நிறைந்து கிடந்தது, பாதிக்கு மேல் உன் ஃபோல்டர்தான். கும்பிட்டுவிட்டுத் திறந்தேன்.

அடிப்பாவி! உள்ளே இருந்ததெல்லாம் சோதனை ஃபைல்கள். வேகம் பார்க்க நீ எழுத வைத்த, சுருக்கவே முடியாத தாறுமாறான எண்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. அழிக்கச் சொன்னால் "இருக்கட்டும்டி, நாளைக்கு மறுபடி ஓட்டணும்" என்பாயே, அந்த நாளைகள் எல்லாம் அங்கேதான் கிடந்தன. இந்தக் குப்பையையா நான் இத்தனை நாள் பூப்போல் காத்தேன்! சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் பொடியாக ஒரு ஃபைல் இருந்தது. திறந்தேன். சேலையின் முழு நீளமும் கட்டம் போட்டிருந்தாய். உடலுக்கு நிறம் கொடுத்திருந்தாய், நல்ல பழுத்த நாவல் பழ நிறம். முந்தி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

வரைந்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னது பொய்யில்லை என்று தெரிந்தது. ஆரம்பித்திருக்கிறாய். அப்புறம் யாரோ ஒருத்தி கல்யாணத்துக்கு அவசரம் என்று நான் கூப்பிட்டிருப்பேன், இல்லையென்றால் மிஷின் மெதுவாகப் போகிறது என்று கத்தியிருப்பேன். நீ அதை மூடிவிட்டு எழுந்து வந்திருப்பாய். உனக்கென்று உட்கார இந்தக் கடையில் ஒரு மத்தியானம்கூடக் கிடைக்காமல் போனதே. அதை நினைத்தால் தாங்கவில்லை.

உன் தங்கைக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். "ஊட்லயும் அது அப்படித்தான்கா, எதையும் தூக்கிப் போடாது" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஒடம்பு கலரு இன்னாக்கா?" என்று கேட்டாள். சொன்னேன். "அது போதும்க்கா. முந்தியை நீங்க வரைஞ்சுடாதீங்க. அக்கா விட்ட மாதிரியே இருக்கட்டும்."

சோதனை ஃபைல்களை எல்லாம் அழித்தேன். அழித்த இடம் காலி என்று வட்டுக்குச் சொல்லும் கட்டளையையும் ஓட்டினேன். மெமரியைக் காலி செய்துவிட்டு, முந்தியைப் போட்டே அளந்தேன், வெறும் உடலைப் போடவில்லை. வேகம் பழையபடி வந்துவிட்டது. உன்னிடம் சொல்ல போனைக் கையில் எடுத்தேன், பிறகு கீழே வைத்தேன்.

மத்தியானம் நெசவாளர் வந்தார். அவருடைய டிசைனைக் கொடுத்துவிட்டு, உன் தங்கை கல்யாணத்துக்கு நெய்ய வேண்டும் என்று உன் ஃபைலையும் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தவர், "கல்யாணப் பொடவைம்மா இது. முந்தியில ஒண்ணுமே இல்லியே, வரைய மறந்துட்டியா?" என்றார்.

"மறக்கலைங்க. வரைய வேண்டியவ வரல. நீங்க அப்படியே நெய்ங்க" என்றேன்.