கறிபாப்புக்கு மீசை வைத்தவர்

சின்னாளப்பட்டி
5.2.1984

பேரன்புள்ள அப்பாவுக்கு,

சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுச் சேவல் நேற்று ஆறு மணிக்குக் கூவ மறந்து ஆறேகாலுக்குக் கூவியது. அதை வெஞ்சனமாக்கிவிடலாமா என்று அம்மா யோசிக்கிறாள். மற்றபடி எல்லோரும் நலம்.

உங்கள் தள்ளுவண்டிப் பலகாரங்களைப் பற்றி எழுதியிருந்தீர்களே, ஒன்றையும் கண்ணால் பார்க்காமலே ஆளாக்கிப் படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். கறிபாப், நம் சோமாசு மாதிரி ஓரம் மடித்தது என்றீர்கள். அவர்தான் முறுக்கு மீசைக்காரர். குவே லாப்பிஸ் இனிப்பு ஒன்பது அடுக்கு, ஒன்பது நிறம் என்றதால், ஒன்பது சுங்குடிச் சேலையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய பெரியம்மா. குச்சியில் கோத்த சத்தே கறித்துண்டுகள் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார்கள். பாவம், உடம்பில் சத்தே இல்லை.

மதுரையில் டிராயிங் டீச்சர் படிப்புக்கு விண்ணப்பம் போடட்டுமா என்று யுவராணி அக்கா கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
படங்களை வரைந்த ஓவியப் புயல்,
ஈஸ்வர்


பினாங்கு
4.3.1984

அன்பு மகன் ஈஸ்வருக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது.

முதலாளி ஆரோக்கியதாஸ் அண்ணன் உன் படங்களை வண்டிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். ஒரு சீனக் குழந்தை மீசைக்காரரைக் காட்டித்தான் கறிபாப் கேட்கிறது. கடித்துவிட்டு, அவருக்கு வலிக்கும் என்று அழுகிறது. இங்கே வந்த நாலு வருடத்தில் நான் இப்படிச் சிரித்ததில்லையப்பா. உனக்குள் இப்படி ஒரு கை இருப்பது எனக்குத் தெரியாமல் போனதே.

அண்ணன் ஆடியில் ஊருக்கு வருகிறார். அவர் கண்முன்னால் ஒரு படம் வரைந்து காட்டு. அவர் மைத்துனர் இங்கே போர்டு எழுதும் கடை வைத்திருக்கிறார். பிறகு உன்னை அங்கே வேலைக்கு அழைத்துக்கொள்வார்.

யுவராணிக்கு எதற்கு டிராயிங் படிப்பு? அவள் கோலம் தவிர ஒன்றும் போட்டு நான் பார்த்ததில்லை. படம் வரைய வீட்டில் நீ ஒருவன் போதும். ஆத்தூர் சம்பந்தத்தை வைகாசியில் முடிக்கச் சொல்லி உன் பெரியப்பாவுக்கு எழுதிவிட்டேன். எனக்கு லீவு கிடைக்காது. அக்காவுக்குத் துணையாக இரு.

அப்பா


சின்னாளப்பட்டி
2.4.1984

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதலாளி வரட்டும். ஒரு படம் என்ன, பினாங்கையே வரைந்து சுருட்டிக் கையில் கொடுக்கிறேன்.

அக்கா கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியாதா? காரணம் ஒன்றுமில்லை. வைகாசி வெயிலில் பெரியப்பாவுக்கு ரொம்ப வேர்க்கும்.

ஈஸ்வர்


சின்னாளப்பட்டி
29.7.1984

அப்பாவுக்கு,

உங்கள் முதலாளி புதன்கிழமை வந்தார். காகிதத்தை நீட்டி, அங்கே கிண்ணத்தில் ஐஸைத் துருவிக் குவித்துத் தருகிற ஐஸ் கச்சாங்கை வரையச் சொன்னார். அரை மணி நேரம் வரைந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஆமையா?" என்றார். அம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

அவர் போனதும் ஆத்தூருக்குப் பஸ் ஏறினேன். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"அப்பா சிரிச்சாராமா?" என்றாள்.

"நாலு வருசத்துல அப்படிச் சிரிச்சதில்லையாம்."

"என் படத்துக்கா?"

"ஆமா."

வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். "சாப்ட்டுட்டுப் போடா. அவுக வந்துருவாக" என்று உள்ளே போய்விட்டாள். விண்ணப்பம் போடக் கடைசி நாள் போய் ஒரு மாதமாகிறது.

அந்த மூன்று படங்களும் அக்கா வரைந்தவை அப்பா. பெயர் மட்டும்தான் நான் போட்டேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அக்கா கை எப்போதும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவதிலேயே இருக்கும். உங்கள் கடிதங்களைச் சத்தமாக வாசிக்கிறவன் நான்தானே? வேண்டிய வரியை மட்டும் வாசித்தேன். படிப்புக்கு அப்பா வேண்டாமென்றார் என்று மட்டும் சொன்னேன். அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

உங்கள் மார்ச் மாதக் கடிதம் வந்த அன்றே உண்மையை எழுதப் பேனாவை எடுத்தேன். அதற்கு முன்பு உங்கள் கடிதங்களில் என்னைப் பற்றி ஒரு வரிக்குமேல் இருந்ததில்லை. அந்தக் கடிதத்தில் பாதிப் பக்கம் இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இப்போது என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் படம் வராது அப்பா. ஒரு வட்டம் போட்டால்கூடக் கோணலாகத்தான் வருகிறது.

ஈஸ்வர்