பிரேக் இல்லாத வண்டியின் பாதிச் சொந்தக்காரனுக்கு

இன்றைக்குக் கணக்கு வகுப்பில் என் சட்டைப் பையிலிருந்து அது தொப்பென்று கீழே விழுந்தது. சார் குனிந்து எடுத்தார். முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். பழந்தோல் வாடை, அதன்மேல் தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்த நம்முடைய வாடை.

"என்னடா இது?"

"பிரேக் கட்டைங்க சார்."

"உன் படிப்புக்குப் பிரேக் புடிச்சு ரெண்டு வருசமாச்சே, அது பத்தாதுன்னு கையில வேறயா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். உன் இடத்தில் இப்போது உட்காருகிற பையனும் சிரித்தான், அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வாடை மட்டும் மூக்கை விட்டுப் போகவில்லை. அதனால் கணக்குப் போட வேண்டிய தாளில் உனக்கு எழுதுகிறேன். சண்டைக்காலத்துத் தாள், மை ஊறிக்கொண்டே போகிறது. விலாசம் இல்லாதவனுக்கு எழுதுவதில் ஒரு சௌகரியம், தபால்தலை ஒட்ட வேண்டாம்.

வண்டி எங்கள் வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். நான் சொல்லும்போதெல்லாம் நீ சிரிப்பாயே, அதற்காக இன்னொரு தரம். நாம் பிறந்த வருசம், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு சர்வே துரையிடம் எங்கய்யன் அதை வாங்கினார். ஊருக்கு மணியக்காரர், ஒரு சைக்கிள்கூட இல்லாமல் இருக்கலாமா? அது ஃப்ரீவீல் இல்லாத பழங்காலத்து வண்டி. சக்கரம் சுற்றும் வரைக்கும் பெடலும் சுற்றும். எங்கய்யனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. இறக்கத்தில் காலை நிறுத்தினார், பெடல் நிற்கவில்லை, முழங்காலில் ஓர் உதை விட்டது. வீல் என்று அலறியவர் அந்த வீலோடு போய்க் குப்பைக்குழியில் விழுந்தார். எழுந்து, தெருவே பார்த்திருக்க, "இது நிக்காத சனியன்" என்று தீர்ப்புச் சொல்லி, கட்டுத்தரையில் மாடுகளுக்குப் பின்னால் போடச் சொன்னார். பதினாலு வருசம் அதன் ஹேண்டில்பாரில் கோழி அடைந்தது.

நாலாவது பாரம் படிக்கும்போது அதை இழுத்து வெளியே போட்டவன் நான். அதை வண்டி ஆக்கியவன் நீ. உங்கய்யன் எங்கள் பண்ணயத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருப்பார், நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து கிணற்றுமேட்டுச் சாளைக் கொட்டகையில் உட்கார்ந்து சாம்பலும் மண்ணெண்ணெயும் போட்டுத் துருவைத் தேய்ப்பாய். டியூப் கண்ணால் பார்க்கக் கிடைக்காத காலம். பழைய டயருக்குள் தேங்காய்நார்க் கயிற்றைத் திணித்தாய். ஏறி உட்கார்ந்தால் உடம்பில் எத்தனை எலும்பு என்று எண்ணிவிடலாம், சயின்ஸ் சார் தேவையில்லை. சக்கரத்தில் கோட்டம் எடுக்கும்போது மட்டும் என்னைப் பேசவிட மாட்டாய். கம்பியை ஒவ்வொன்றாய்ச் சுண்டிக் காதை வைப்பாய். "இது முழிச்சிருக்குது. இதுவும் முழிச்சிருக்குது. இதுதான்டா தூங்குது" என்று ஒன்றைப் பிடித்து முறுக்குவாய். சக்கரம் நேராகிவிடும்.

மூன்று மாதம் கழித்து வண்டி ஓடியது. பங்கு பிரித்தோம். முன் சக்கரம் உனக்கு, பின் சக்கரம் எனக்கு. ஏன் முன் சக்கரம் என்று கேட்டேன். "முன்னால போறது ஒண்ணாவது என்னோடதா இருக்கட்டுமேடா" என்றாய்.

அதற்கு அர்த்தம் எனக்கு அடுத்த நாள் நீ நம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோதுதான் உறைத்தது. ஊர்க்கோடியில் இருக்கிற உங்கள் வளவிலிருந்து நாமக்கல் ரோட்டுக்குப் போக எங்கள் தெருவைத் தாண்ட வேண்டும். உங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் எங்கள் தெருமுனையில் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும், தெரு முடியும் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும், புளியமரம் வந்தபிறகு ஏறிக்கொள்ளலாம். சேலத்தில் மில் வேலை பார்த்துவிட்டு வாடகை சைக்கிளில் பொங்கலுக்கு வருகிறவர்கள்கூட அப்படித்தான் வந்தார்கள். உனக்கு இதை எழுத வேண்டியதில்லை. எனக்காக எழுதிப் பார்க்கிறேன். பார்த்துப் பழகியபோது தெரியாத அசிங்கம் தாளில் நன்றாகத் தெரிகிறது.

வேலைக்காகாத மூளைக்கு அன்றைக்கு ஒரு வேலை கிடைத்தது. முன் சக்கரத்தில் இருந்த பிரேக்கை நானே கழற்றி வைக்கோற்போருக்குள் ஒளித்தேன். பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் வண்டி நிற்கும் என்பது உனக்கும் எனக்கும் அந்தக் கோழிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். மறுநாள் காலை நீ எங்கள் தெரு இறக்கத்தில் ஏறி உட்கார்ந்தபடியே வந்தாய். நான் பின்னால் ஓடிவந்தேன்.

"டேய், எறங்குடா" என்றார் எங்கய்யன், வாசலில் பல் குச்சியோடு.

"எறங்கலாம்னுதான் பாக்கறனுங்க பண்ணாடி. நிக்கலீங்க."

"என்னடா நிக்கல?"

"வண்டி நிக்கலீங்க" என்றாய், அதற்குள் மூன்று வீடு தாண்டியிருந்தாய்.

எதிர்வீட்டுப் பெரியம்மா சாணி தெளித்துக்கொண்டே, "அது அன்னைக்கே நிக்காத வண்டிதானுங்களே மணியக்காரரே, நீங்கதான சொன்னீங்க" என்று ஒரு போடு போட்டாள். எங்கய்யன் குச்சியைக் கடித்தபடி நின்றார். சொன்ன சொல்லை அவர் எப்படி மாற்றுவார்?

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "பிரேக் எங்கடா?"

"துரை காலத்துலயே இல்லீங்களே."

"அப்ப புதுசு மாட்டு."

"ரப்பரெல்லாம் சண்டைக்குப் போயிருச்சுங்க. ஹிட்லர்கிட்டத்தான் கேக்கோணும்."

முதுகில் ஒன்று விழுந்தது. ஆனால் வழி விழுந்துவிட்டது. எட்டு மாதம் நீ தினமும் அப்படிப் போனாய். நான் மணி வேறு வாங்கி மாட்டினேன். மணியக்காரர் வீட்டு வாசலில் மணி அடிக்காமல் வேறு எங்கே அடிப்பது? தெருவே அந்த நேரத்துக்கு வெளியே வந்து நிற்கும். "என்னடா, இன்னைக்கும் நிக்கலையா?" "நிக்கலீங்கோவ்." எல்லோருக்கும் சிரிப்பு. உலகத்தில் என்னைவிடக் கெட்டிக்காரன் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செயினைக் கழற்றி எண்ணெயில் ஊறப்போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே நீ சொன்னாய்:

"பிரேக்க எடுத்தாடா. மாட்டிரலாம்."

"பைத்தியமா? நல்லாத்தான போயிட்டிருக்குது?"

"தெனமும் 'நிக்கலீங்க'ன்னு சொல்லிட்டுத்தானே போறேன். அதும் எறங்கறதுதான்டா. ஒடம்பு எறங்கல, வாயி எறங்குது."

நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை.

"ஒரு நாளாச்சும் பிரேக்கோட போவோணும். நிறுத்த முடிஞ்சும் நிறுத்தாமப் போவோணும். உனக்கு வெளையாட்டு. எனக்கு அது ரோடு."

கோபம் வந்தது எனக்கு. என் மூளையை நீ மதிக்கவில்லை என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் வைக்கோற்போரிலிருந்து பிரேக்கைத் தோண்டிக்கொண்டு வந்து உன் முன்னால் வைத்தேன். ரப்பர் நிஜமாகவே மட்கிப் போயிருந்தது. கட்டைக்கு என்ன செய்வது என்று நீ யோசித்துக்கொண்டிருக்கும்போது நான் வீட்டுக்கு ஓடினேன். எங்கய்யனின் பழைய தோல் செருப்பு, தைத்துக்கொள்ளலாம் என்று எரவாணத்தில் செருகியிருந்தது. உங்கள் ஆட்கள் எங்கள் தெருவில் காலில் போடக்கூடாத சாமான். அதன் இரண்டு குதியையும் அறுத்து நாலு கட்டை செதுக்கினாய். உளியைப் பிடித்தபடி, "பண்ணாடி காலுக்கு நல்லா ஒழைச்ச தோலு. சக்கரத்தையும் நல்லாப் புடிக்கும்" என்றாய். அன்றைக்குத்தான் கடைசியாக இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

திங்கட்கிழமை என்று நாள் வைத்தோம். சனிக்கிழமை உனக்குக் காய்ச்சல். ஒரு வாரத்துக்கு மேலான பிறகு உங்கள் வளவுக்கு வந்தேன், வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். "திங்கக்கெழம ஆச்சாடா?" என்று கேட்டாய். அன்றைக்குப் புதன்கிழமை. "இன்னும் ஆகல" என்றேன். எட்டு மாதம் எங்கய்யனிடம் சொன்ன பொய்யெல்லாம் எனக்கு இனித்தது. அந்த ஒன்று மட்டும் இன்னும் கசக்கிறது. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் நீ போய்விட்டாய்.

உன்னை எங்கள் தெரு வழியாகக் கொண்டுபோகவில்லை. வரப்பு மேல், ஓடை தாண்டி, சுற்றுவழி. நான் கடைசியில் நடந்து வந்தேன். அதற்காக வீட்டில் என்னை உள்ளே விடவில்லை, நாலு நாள் சாளையில் சாப்பிட்டேன். சோறு அங்கேயும் சோறுதான்.

காரியம் முடிந்ததும் எங்கய்யன், "அந்த வண்டியக் கொண்டாந்து போடு. இனி அது முழுசும் நம்மளுதுதான்" என்றார். போனேன். உன் தங்கச்சி பாவாயி வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். வற்றிய ஏரிக்குள் நீ அவளுக்கு ஓட்டப் பழக்கியிருந்தாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். என்னிடம்கூட மறைத்திருக்கிறாய், திருட்டுப்பயலே.

"வண்டிய எடுக்க வந்தீங்களாங்க சின்னப் பண்ணாடி?"

"பின் சக்கரம் மட்டுந்தான் என்னோடது பாவாயி."

"அப்ப முன்னால இருக்கறது எங்கண்ணனோடது. இனிமே என்னோடதுங்க. பிரேக்க மாட்டிக் குடுங்க."

"பிரேக் வேண்டாம். இல்லாட்டித்தான் நிக்கலீங்கன்னு சொல்லிட்டுப் போவலாம்."

"அது எங்கண்ணன் சொல்லிச் சொல்லித் தேஞ்சு போச்சுங்க. நான் சொல்ல மாட்டேன்."

கயிறு திரித்துக்கொண்டிருந்த உங்கய்யன் நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் சாமி என்பார், எங்கள் பண்ணயத்தை நம்பித்தானே அடுப்பு எரிகிறது என்பார் என்று நினைத்தேன். அவர் உன் முன் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "மோகனூருப் பக்கம் வெத்தலக் கொடிக்கால் வேலைக்கு ஆளு கேக்கறாங்களாமா" என்றார். மறுபடி கயிற்றைத் திரித்தார்.

இரண்டு கட்டையை மாட்டினேன். மீதி இரண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போய் எங்கய்யன் எதிரில் நின்று, "அந்த வண்டி எப்பவுமே நிக்குமுங்க. பிரேக்க ஒளிச்சு வெச்சது நான்தானுங்க. இப்ப மாட்டியாச்சு. நாளைக்குப் பாவாயி வருவா" என்றேன். கன்னத்தில் பொளேரென்று விழுந்தது. பொய் சொன்னபோது முதுகில்தான் அடித்தார். நிஜத்துக்குக் கன்னம்.

மறுநாள் காலை அவள் வந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகி, இறக்கத்தில், மணி அடித்துக்கொண்டு. யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் பிரேக்கைப் பிடித்தாள். வண்டி கிரீச்சென்று நின்றது. சீட்டைவிட்டு இறங்காமல் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"நிக்குதல்ல? எறங்கித் தள்ளிட்டுப் போ" என்றார் எங்கய்யன்.

"நிக்குதுங்க பண்ணாடி. நான் எறங்கலீங்க."

அவ்வளவுதான். காலை எடுத்தாள், மிதித்தாள், போய்விட்டாள். புளியமரம் வரை அவள் முதுகையே தெரு பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மதியமே உங்கய்யனைப் பண்ணயத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் இப்போது மோகனூர்க் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறார். பாவாயி தினமும் அவருக்குக் கஞ்சித்தூக்கு கொண்டு போகிறாள், நம் வண்டியில், எங்கள் தெரு வழியாக. நான் பள்ளிக்கூடத்துக்கு நாலு மைல் நடக்கிறேன். என் பின் சக்கரம் அவளோடுதான் போகிறது. முன் சக்கரம் போகிற இடத்துக்குப் போவதைத் தவிரப் பின் சக்கரத்துக்கு வேறென்ன வேலை?

வருகிற வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து. வண்டியைப் பிடுங்க வேண்டும் என்று நாலு பேர் சொல்கிறார்கள். பிடுங்கட்டும், பாதி மணியக்காரர் மகனுடையது. என் பாதியை நான் கேட்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன். எந்தப் பாதியைப் பிடுங்குவார்கள் என்று பார்க்கத்தான் போகிறேன். உங்கள் வீட்டாரை ஊரைவிட்டுத் தள்ளுவோம் என்றார்களாம். தள்ளுவது அவர்களுக்குப் பழக்கமான வேலை, ஆனால் வண்டியில் ஆள் உட்கார்ந்திருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைச் சுண்டிப் பார்த்தேன். வால்வு ஓட்டைக்கு இடது பக்கம் ஒன்று தூங்குகிறது என்று நினைக்கிறேன். உன் காது எனக்கு இல்லை. பாவாயிக்கு இருக்கிறது. அவள் "அது இல்லீங்ணா, அதுக்கடுத்தது" என்றாள். சின்னப் பண்ணாடி எப்போது அண்ணன் ஆனான் என்று நான் கேட்கவில்லை. அதற்கடுத்ததை முறுக்கினேன், சக்கரம் நேராகிவிட்டது.

வகுப்பு முடிந்ததும் சார் கட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "இத எதுக்குடா பையில வெச்சுட்டுச் சுத்தற?" என்றார். நல்ல மனுசன், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அங்க ஒண்ணு தேயுதுங்க சார். தேஞ்சா மாத்தறதுக்கு" என்றேன்.

தேயத்தான் செய்கிறது. எங்கள் வாசலில் ஒரு நாள்கூட விடாமல் அவள் பிரேக்கைப் பிடித்து, நின்று, காலை ஊன்றி, பார்த்துவிட்டுத்தான் போகிறாள். மாற்றுவதற்கு நீ செதுக்கிய இரண்டு என் பையில் இருக்கிறது. அதுவும் தேய்ந்தால் கவலைப்படாதே. எங்கய்யனிடம் இன்னும் ஒரு ஜோடி செருப்பு இருக்கிறது.