சீனியம்மாள் மடையும் கங்கையும்

கங்கைக் கரை முகாம்
ஏப்ரல் 1979

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

நான் சுகம். அய்யாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஜெயித்துவிட்டோம்! இந்த ஆற்றுத் தண்ணீரை நாமும் பங்களாதேஷும் பங்கிட்டுக்கொள்வதால், இரண்டு நாட்டு ஆட்களும் ஒரே படகில் போய் நீரோட்டத்தை அளக்கிறோம். அவரவர் கருவிதான் சரி என்று ஒரே சண்டை. அளவை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட யாருமில்லை. நேற்று நடந்த தள்ளுமுள்ளில் நான் ஆற்றில் விழுந்தேன். இடுப்பளவு தண்ணீர்தான், பயப்படாதே.

நனைந்து ஏறும்போது உன் ஞாபகம் வந்தது. போன போகத்தில் கீழ்வயல் சீனியம்மாளோடு தண்ணீர்த் தகராறு முற்றியபோது, "என் மடைய நீ தெற, ஒன் மடைய நான் தெறக்கிறேன்" என்றாயே, அதோடு சண்டை ஓய்ந்ததே! அதையே எங்கள் அதிகாரி பட்டாபிராமனிடம் சொன்னேன். கருவிகளை மாற்றிக்கொண்டோம். அவர்களுடையதால் நாங்கள் அளந்தோம், எங்களுடையதால் அவர்கள். தன் கையால் அளந்ததை எவன் மறுப்பான்? இன்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டன. பங்களாதேஷ்காரர்களே எங்களுக்கு மீன் பொரித்துக் கொடுத்தார்கள்.

"யாருப்பா ஒனக்கு இந்த யோசனை குடுத்தது?" என்றார் பட்டாபிராமன்.

"என் சம்சாரம் சார். வாடிப்பட்டில ரெண்டு மடைக்கும் அவதான் சர்க்கார்."

கொஞ்சம் சுண்டைவற்றல் அனுப்பு. இங்கே எல்லாவற்றிலும் கடுகெண்ணெய். அடுத்த கடிதத்தைத் தம்பியிடம் சொல்லி எழுதவைக்காமல், கோணலானாலும் நீயே எழுது.

தபால்காரர் கிளம்புகிறார். சீனியம்மாளிடம் மறக்காமல் சொல்: அவள் மடையை நீ திறந்தாய், இங்கே கங்கையே திறந்துகொண்டது.

உன்,
உக்கிரபாண்டி