எதுத்தாப்ல உக்காந்து ரெண்டு நிமிசம்

யோவ்,

இன்னிக்குக் காலைல மருமவ ஒரு தட்டு நெறைய அவரக்காய என் முன்னால வச்சிட்டு, "மாமா, சும்மா உக்காந்து டிவிகாரன திட்டுறதுக்குப் பதிலா இத நாரு எடுத்துக் குடுங்க"ன்னா. சைனிக்புரில என் மவன் வூட்ல எனக்கு இப்ப அதான் டூட்டி. நாரு கிழிச்ச வெரல்ல அந்தப் பச்ச வாசன அடிச்சிது பாரு, என் வாயி தன்னால "குட் மார்னிங், வாட் இஸ் யுவர் ஃபுல் நேம்?"னு கேட்டுட்டுது. மருமவ பதறி ஓடியாந்து என் நெத்தியத் தொட்டுப் பாத்தா. ஜொரம் இல்லம்மான்னு சொன்னன். உன்ன நெனச்சினு இருந்தன்னு சொல்லியிருந்தா அடுத்த நிமிசம் ஆஸ்பத்திரிக்கு வண்டி புக் பண்ணியிருப்பா.

அதான் மவன்கிட்ட பேனா வாங்கி உனக்கு எழுத உக்காந்துட்டன். நான் எட்டாங்கிளாசு, நீ ஆறாங்கிளாசு. ரெண்டு கிளாசு சீனியர் எழுதுறன், மரியாதையா கேளு. மேல இருக்கவங்க யாராச்சும் படிச்சிக் காட்டுவாங்க.

அந்த வருசம் ஞாபகம் வச்சிருக்கியா? உன் பொண்ணு தேன்மொழிக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒண்ணுல நர்ஸு வேல கெடச்சிருந்திது. போறதுக்கு முன்னால இங்கிலீஷ் பரீட்ச பாஸாகணும். படிக்கிறது, எழுதுறது, காதுல கேக்குறது மூணும் பாஸ். பேசுறதுல மட்டும் அர மார்க்கு கம்மி. திரும்பிப் போயி எழுதினா, திரும்பியும் அதே அர மார்க்கு. இன்னும் ஒரு தடவ பாப்போம், அப்பால அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னு அந்த ஆஸ்பத்திரில மெயில் போட்டுட்டாங்க.

அவளுக்கு இங்கிலீஷு வராதுன்னு எவனாவது சொன்னா பல்ல ஒடைக்கலாம். டாக்டருங்களோட இங்கிலீஷு, வார்டுல படுத்துக் கெடக்குற பாய்ங்களோட உருது, காய்க்காரனோட தெலுங்கு. வூட்ல நாம தமிழ்ல கேட்டா அதுக்கும் அவ தெலுங்குலதான் பதிலு சொல்லுவா. அத்தன பாசையும் பேசுற பொண்ணு, பரீட்ச மேடம் எதுருல உக்காந்தா ஊமையாயிடுறா. "தேன்மொழின்னு பேரு வச்சியே, மொழியக் காணமேய்யா"ன்னு நான் கிண்டல் பண்ணா, நீ சிரிக்கக்கூட இல்ல. அப்பதான் விசயம் பெருசுன்னு எனக்குப் புரிஞ்சிது.

தார்நாகால அவ போன கோச்சிங்ல சொல்லி அனுப்பிச்சாங்க, வூட்ல யாரையாவது எதுருல உக்கார வச்சி தெனம் பேசிப் பழகுன்னு. உன் வூட்ல யாரு இருந்தா? உன் சம்சாரம் போனதுக்கு அப்பால நீயும் அவளும்தான். நீயெல்லாம் பேசுற ஆளா? அதனால லாலாகுடா ரயில்வே குவாட்டர்ஸ் பக்கத்துலயே பெரிய வாயி எதுன்னு பாத்து என் வூட்டுக்கு வந்த.

"யோவ், சும்மாதான இருக்க. வந்து பரீட்ச மேடமா உக்காரு."

"பொடவ கட்டினு வரணுமா?"

"நக்கோ, வேணாம். உன் மூஞ்சியே போதும்."

நானும் வந்தன். சும்மாவா வந்தன், பேரன் ஸ்கூலு டைய மாட்டினு வந்தன். கோச்சிங்ல குடுத்த அட்டைங்க என் கையில. ஒவ்வொரு அட்டையிலயும் ஒரு கேள்வி. ஒரு நிமிசம் யோசிச்சிட்டு, ரெண்டு நிமிசம் நிறுத்தாம பேசணும். போன்ல டைம் வச்சி நான் கேட்டன்.

"டெல் அபவுட் யுவர் ஹோம் டவுன்."

"லாலாகுடா. நைஸ் பிளேஸ்."

"மேல சொல்லும்மா."

கைய மடியில வச்சினு, கண்ணு தரையில, ரொம்ப நேரம் யோசிச்சா. "வெரி நைஸ் பிளேஸ்."

"ஏம்மா, வூடு வூடா சோப்பு விக்கிறவன்கூட இத விட நாலு வார்த்த சேத்து சொல்லுவான்"னன். அவ இன்னும் சுருங்கிப் போனா. நீ வாசப்படில நின்னு என்னப் பாத்து மொறச்ச. மொறச்சன்னு எப்பிடித் தெரியும்? உன் காது அசையும், அத வச்சித்தான்.

அன்னிக்கு நான் டைய கழட்டிட்டு டீ குடிச்சினு இருந்தப்ப, நீங்க ரெண்டு பேரும் சமையல்கட்டு வாசல்ல ஒரே பக்கமா உக்காந்தீங்க. நடுவுல இதே மாதிரி ஒரு தட்டு அவரக்காய். அவ நாரு கிழிச்சினே பேச ஆரம்பிச்சா பாரு! வார்டுல ஒரு பெரியவரு பல்செட்ட தலவாணி ஒறைக்குள்ள ஒளிச்சி வச்சிட்டு, நர்சுங்க திருடிட்டாங்கன்னு சத்தம் போட்டத இங்கிலீஷு, உருது, தெலுங்கு எல்லாம் கலந்துகட்டி சொன்னா. டாக்டரு மாதிரி பேசிக் காட்டினா, பெரியவரு மாதிரி பொக்க வாயில திட்டிக் காட்டினா. தட்டு காலியாவுற வரைக்கும் வாயி மூடல. நீயும் தட்டையே பாத்துனு "ஹவ்... ஹவ்"னு ஆமாம் போட்டுக் கேட்டுனு இருந்த. ஒருத்தர ஒருத்தர் நிமிந்து பாக்கவே இல்ல.

"யோவ், இவளுக்கு வாயி நல்லாத்தான் இருக்கு. கையில வேல இருந்தாத்தான் தொறக்குது"ன்னன். "பரீட்சைக்கு ஒரு கிலோ அவரக்காய் வாங்கிக் குடுத்து அனுப்பு."

நீ தட்ட எடுத்து ஓரமா வச்சிட்டுக் கேட்ட. "நாம ஷாப்புல எப்பிடிய்யா பேசினோம்?"

எனக்கு சுருக்குன்னுது. ரயிலு சக்கரம் கடையுற அந்த வீல் ஷாப்புல சேந்த அன்னிக்கே ஃபோர்மேன் சொன்னது அதான. வாயி எங்க வேணா போவட்டும், கண்ணு மட்டும் சக்கரத்த வுட்டு நவுரக் கூடாது. பக்கத்து ஆளு மூஞ்சியப் பாத்துப் பேசினா லேத்து வெரல எடுத்துனு பூடும். அப்பிடியே பழகிட்டோம். காலமெல்லாம் பக்கத்துல பக்கத்துல நின்னோம். உன் கையில எந்த எடத்துல தழும்புன்னு கேளு, சொல்றன். உன் காதோரத்து மச்சம் தெரியும். உன் கண்ணு எப்பிடி இருக்கும்னு கேட்டா சத்தியமா தெரியாதுய்யா.

அந்தப் பழக்கத்த நீ வூட்டுக்கும் எடுத்துனு போயிட்ட. மார்க்கு எவ்ளோன்னு அவள கேட்டது அடுப்பப் பாத்து. சம்சாரம் போனப்ப அழுதது பக்கெட்டப் பாத்து. அந்தப் பொண்ணு அத பாத்து வளந்தவ. ஊசி போடும்போது, கட்டு கட்டும்போது மணிக்கணக்கா பேசுவா. கை சும்மா இருந்து, எதுருல ஒருத்தர் கண்ணக் கொட்டாம பாத்தா, இன்னா தப்பு பண்ணிட்டோம்னுதான் தோணும் அவளுக்கு.

"நாளைக்கு நான் உக்காருறன்"ன்ன நீ.

"உக்காந்து இன்னா கேப்ப? உனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷு எஸ் சார், நோ சார், லீவ் சார்."

"கேள்விய நீ கேளு. நான் பாத்துனு இருக்கன்."

மொத நாளு நீ உக்காந்த அழக இப்ப நெனச்சாலும் வயிறு வலிக்குது. ஸ்டுடியோல போட்டோ புடிக்கப் போனவன் மாதிரி ரெண்டு கையும் தொடை மேல, கழுத்து வெறப்பா. அவ வாயத் தொறந்ததும் உன் கண்ணு வழுக்கினு தரைக்குப் போச்சி. "நைனா, கிந்தகி சூஸ்துன்னாவ்"னு அவ கத்தினா. கீழ பாக்காதன்னு உன்ன சொன்னவ, தான் மட்டும் ஃபேனப் பாத்துப் பேசினா. ஒருத்தர் தரையில, ஒருத்தர் கூரையில. நடுவுல நான். "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணீங்கன்னா ஒருத்தர் பக்கத்து வூட்டப் பாப்பீங்க, ஒருத்தர் ஸ்டேஷனப் பாப்பீங்க"ன்னன். ரெண்டு பேரும் சேந்து என்ன வெளிய போவ சொன்னீங்க. நான் போவல.

தெனம் நடந்திது. தெனம் கொஞ்சம் மேல வந்திது உன் கண்ணு. அவ மொழங்காலு, அவ கையி, அவ தாவாக்கட்ட.

அப்பால ஒரு நாளு நான் எடுத்த அட்டையில, சத்தமா இருக்குற ஒரு எடத்தப் பத்தி சொல்லுன்னு இருந்திது. அவ யோசிச்சா. நிமிந்தா. நீ பாத்துனு இருந்த.

மார்க்கெட்டு இல்ல, கல்யாண வூடு இல்ல, நான் பாத்ததுல பெரிய சத்தம் நாங்க முன்ன இருந்த குவாட்டர்ஸுக்குப் பின்னால இருக்குற ஒர்க்‌ஷாப்புதான்னு இங்கிலீஷ்ல ஆரம்பிச்சா. சைரன் ஊதுறத வச்சி சட பின்னிக்குவாளாம். சின்னதுல அந்த சக்கரம் கடையுற சத்தம்தான் அப்பாவோட கொரலுன்னு நெனச்சினு இருந்தாளாம். ஏன்னா வூட்டுக்கு வந்தா அவருகிட்ட சத்தமே இருக்காது, இருக்குற எல்லா சத்தத்தையும் அங்கயே வச்சி பூட்டிட்டு வர்றாருன்னு நெனப்பாளாம். இப்ப அவரு ரிட்டயர்டு, நானும் போயிட்டா அந்த வூட்ல சத்தம் போட யாரு இருப்பாங்கன்னு தெரியலன்னா.

எனக்கு நாக்கு நுனியில வந்துட்டுது. 'நான் இருக்கன்ம்மா, ஊரு சத்தம் எல்லாம் நான் போடுறன்'னு சொல்ல வாயத் தொறந்தன். நீ அவ மேல இருந்து கண்ண எடுக்காமயே கைய மட்டும் தூக்கி முட்டி மடக்கிக் காட்டின. ஷாப்புல தல மேல கிரேன் வரும்போது நிறுத்துன்னு காட்டுவோமே, அது. நான் நின்னுட்டன். இந்த உசுருல என் வாயி அப்பிடி நடுவுல நின்னது அன்னிக்குத்தான்.

போன் கூவிச்சி. ரெண்டு நிமிசம் முடிஞ்சிது. நீங்க ரெண்டு பேரும் அத கேட்ட மாதிரியே தெரியல. அவ பேசினே இருந்தா, நீ பாத்துனே இருந்த.

அவ டூட்டிக்குப் போனதும் கேட்ட. "இன்னாய்யா சொன்னா?"

"உன்ன திட்டினா. கஞ்சப்பய, சிடுமூஞ்சின்னு இங்கிலீஷ்ல நாறடிச்சிட்டா."

"போய்யா. நல்லதாத்தான் சொன்னா. மூஞ்சில தெரிஞ்சிது."

பரீட்ச அன்னிக்கு நாம ரெண்டு பேரும் பரீட்ச நடக்குற எடத்துக்கு எதுத்த பிளாட்பாரத்துல, ஒரு ஜெராக்ஸ் கட நெழல்ல நின்னினு இருந்தோம். நான் வர்ற போற பொண்ணுங்க எல்லாரும் பாஸா பெயிலான்னு மூஞ்சப் பாத்து ஜோசியம் சொன்னன். நீ கேட்டையே பாத்துனு இருந்த. டீ ரெண்டு தடவ ஆறிப் போச்சி. அவ வந்தா. மூஞ்சு ஒரு மாதிரி இருந்திது.

"மேடம் நடுவுலயே போதும்னு நிறுத்திட்டாங்க"ன்னா.

"போச்சுடா"ன்னன் நான்.

"டைம் ஆயிடுச்சின்னு, மாமா! நான் இன்னும் பேசினே இருந்தேன்!"

நடு ரோட்டுல, பின்னால ஆட்டோகாரன் ஆரன் அடிச்சி, கைக்கு, ஏன்டா நடுவுல நிக்கிறன்னு திட்டினு இருக்கான், நீ அவ மூஞ்சிய நேரா பாத்து சிரிச்ச பாரு. உனக்கு அவ்ளோ பல்லு இருக்குதுன்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

வேண்டியதுக்கு மேலயே அர மார்க்கு வந்திது. நான்தான் கேள்வி கேட்டன்னு சொல்லி, பெரிய டப்பா சுவீட்டு நான் எடுத்துக்கினன். உனக்கு சுகர், குடுக்கல.

அவ போனா. ஏர்போர்ட்டுல நீ கலங்குவன்னு கைக்குட்டையோட வந்தன், நான்தான் அதுல மூக்கு சிந்தினன். அப்பால ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நீங்க வீடியோல பேசினீங்க. சட்ட பட்டன் எல்லாம் போட்டுனு, ரெண்டு கையும் தொடை மேல வச்சினு, போன எதுருல டப்பா மேல சாச்சி வச்சிட்டு உக்காருவ. அந்தப் பக்கம் அவளுக்குத் தெரிஞ்சது உன் நெத்தி மட்டுந்தான்னு அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு நாளும் உன்கிட்ட சொல்லலியாம். அந்த நெத்தியே போதும் மாமான்னா.

போன மழைக்காலத்துல மதியம் சாப்ட்டுப் படுத்தவன் எழுந்திரிக்கல. நல்ல சாவுய்யா உனக்கு, பொறாமையாத்தான் இருக்கு. அவ வந்தா. எல்லாம் முடிஞ்சி கெளம்புற அன்னிக்கு என் எதுருல நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா. கைய மடியில வச்சினு, என் கண்ணப் பாத்து, அங்க அவ இருக்குற வூட்டப் பத்தி, பனியப் பத்தி, உன்னப் பத்தி சாயங்காலம் வரைக்கும் பேசினா. பெரிய மனுசியாட்டம் இருந்தா.

இப்ப அந்த ஞாயித்துக்கெழம போனு எனக்கு வருது. மொத மொதல்ல நான் எப்பவும் போல நடுவுல பூந்து கிண்டல் பண்ணன், அவ சிரிச்சிட்டு வச்சிடுவா. அப்பால ஒரு நாளு அவ மூஞ்சு கொஞ்சம் வாடின மாதிரி இருந்திது. வாய மூடினன். பாத்தன். நீ பாத்த மாதிரி. அன்னிக்கு அவ சொன்னது எல்லாம் உனக்கும் புடிச்சிருக்கும், ஆனா அத லெட்டர்ல எல்லாம் எழுத மாட்டன், அது அவளுக்கும் எனக்கும்.

இப்பெல்லாம் அவ கூப்ட்டா நான் அப்பிடித்தான். மருமவளுக்கு நம்பிக்க வரல, இவ்ளோ நேரம் இந்த மனுசன் சத்தம் இல்லாம இருக்கானேன்னு எட்டி எட்டிப் பாத்துட்டுப் போறா. போன வாரம் உன் பொண்ணே பயந்துட்டா. பாதில நிறுத்திட்டு, "மாமா, நெட்டு நின்னுடுச்சா? அசையவே மாட்டேங்கிறீங்க?"ன்னா.

"இல்லம்மா, நல்லா ஓடினுதான் இருக்கு"ன்னன். "நீ பேசு."