வேட்டைப் பையும் வெள்ளிக்கிழமையும்

2006 டிசம்பர், புதன் இரவு, ஷார்ஜா

கொசுவைத் தவிர எதையும் கொன்றிராத நான் இன்று வேலை பார்க்கும் பைக் கடையில் வேட்டைக்காரனாக நடித்துத் தொலைத்தேன்.

பை வாங்க வந்தவர் துணி வியாபாரி காதர் பாய், கீழக்கரைக்காரர். அரபிக் கூட்டாளியோடு வெளிநாட்டு மலையில் ஒரு வாரம் வேட்டையாம். ஒரே பை எல்லாவற்றுக்கும் ஆக வேண்டுமாம். முதுகில் மாட்டும் கம்பிச் சட்டமான ஃபிரேமும் பையும் தனித்தனியாகக் கழலும் ஒன்றை எடுத்துப் போட்டேன்.

"போறப்ப கூடாரம், சாப்பாடு. வர்றப்ப பையைக் கழட்டிட்டு, கறியை ஃபிரேமோட சேத்துக் கட்டணும் பாய். பாரம் தோள்ல இல்ல, இடுப்புல உக்காரணும்."

பக்கத்து மளிகையில் கேட்டு வாங்கிய அரிசி மூட்டையை அதில் ஏற்றி அவரைக் கடைக்குள்ளேயே நடக்கவிட்டேன். அசந்துபோனார்.

"எத்தனை வேட்டை போயிருக்கீங்கண்ணே?"

"அதுக்கெல்லாம் கணக்கே இல்ல பாய்."

பையோடு வந்த விளக்கத்தாளைப் படித்ததும், லீவில் ஊருக்குப் போகிற ரூம்காரர்களுக்கு அட்டைப்பெட்டி கட்டிக் கொடுத்ததும்தான் என் வேட்டை அனுபவம்.

"அப்ப வெள்ளிக்கிழமை எங்களோட வாங்கண்ணே. ஹத்தா மலையில சுமையோட நடந்து பழகப் போறோம். வண்டியில எடம் இருக்கு, வூட்ல பிரியாணி கட்டித் தர்றாங்க."

இத்தனை வருஷத்தில் பெட்டி கட்டத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூட வா என்று ஒருவர் கூப்பிட்டது இன்றுதான். ஆனால் முதல் மேட்டிலேயே மூச்சு வாங்கி என் குட்டு உடைந்துவிடுமே.

"வெள்ளிக்கிழமை டூட்டி இருக்கே பாய்."

"அடடா" என்று உண்மையாகவே வருத்தப்பட்டுவிட்டுப் போனார், நல்ல மனிதர்.

எங்கள் கடை வெள்ளிக்கிழமை திறப்பதே இல்லை.