முகத்தை முறிக்காத மொழிபெயர்ப்பு

ஜூன் 7, சனி

சோளகக் காற்று. பூநகரியிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ் முக்கால் மணி பிந்தியது. தலைமுடி முழுக்க மண்.

சீன வகுப்பு. இன்றைய சொற்கள்: ‘ச்சி ல மா’, சாப்பிட்டாச்சா. உண்மையில் சாப்பாட்டைக் கேட்பதில்லையாம், சும்மா சுகம் விசாரிப்பதாம். ஏதோ புதையல் எடுத்தவர் மாதிரி அரை மணி விளக்கினார் மாஸ்டர். எங்கள் ஒழுங்கையில் நாய்க்குக்கூடத் தெரியும் இது.

பிறகு ‘மியென்ட்ஸ’. முகம்.

“முகம் எண்டால் அங்கை மானம், மரியாதை எல்லாம். நாலு பேருக்கு முன்னாலை முதலாளியின்ரை முகத்தை முறிச்சியளோ, உங்கடை வேலை போச்சு.”

சீனாவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்த மனிதர். அந்த இரண்டு வருடத்தைத்தான் சனிக்கிழமை தோறும் கேட்கிறோம். எரிச்சல். ஆனாலும் கொப்பியில் எழுதி, கீழே கோடும் போட்டேன்.

ஜூன் 9, திங்கள்

சீனக்காரரின் கடலட்டைப் பண்ணையில் மொழிபெயர்ப்பு வேலை, நாலாவது கிழமை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்களாம்.

இந்த வெயிலில் மனேச்சர் எனக்குச் சுடுதண்ணீர் ஊற்றித் தருகிறார். வெறும் சுடுதண்ணீர். அவர்கள் ஊரில் அது அன்பாம். நாக்கு வெந்தது.

வீட்டில் அப்பா என்னோடு கதைப்பதில்லை. பண்ணைக்காரர் கடலில் நட்ட வேலிக் கம்பு, எங்கள் வள்ளம் போகிற வழியைப் பாதி மறித்துவிட்டது. நான் நட்டதுபோல என்னைப் பார்க்கிறார். “அவரோடை கொழுவாதை பிள்ளை” என்கிறா அம்மா. கொழுவுவதற்கு அவர் வாய் திறக்க வேண்டுமே.

ஜூன் 11, புதன்

கூட்டம். மீன்பிடித் தொழிலாளிகள் ஆறு பேர் பண்ணைக்கு வந்தார்கள், அதில் அப்பாவும். மனேச்சர் தன் கையாலேயே ஆறு பேருக்கும் சுடுதண்ணீர் ஊற்றினார். ஒருவரும் தொடவில்லை.

“ஒரு தேத்தண்ணிக்கும் வழியில்லையோ? ஆசுப்பத்திரியிலை வருத்தக்காரருக்குக் குடுக்கிற மாதிரி” என்றார் பக்கத்து வீட்டு மாமா. அவருக்கும் நான் விளக்கவில்லை, மனேச்சருக்கும் விளக்கவில்லை. எல்லாரும் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்றிருந்தது.

அப்பா எழும்பினார். நாலு கிழமைக்குப் பிறகு என்னோடு முதல் கதை:

“இவன் கள்ளன் எண்டு சொல்லு. கம்பைப் பிடுங்காட்டி நாங்களே பிடுங்குவம் எண்டு சொல்லு.”

எல்லாக் கண்ணும் என்னில். கொப்பியில் போட்ட கோடு ஞாபகம் வந்தது. வேலையும் ஞாபகம் வந்தது, அதை ஏன் மறைக்க. கம்புகள் பற்றிப் பெரியவர்களுக்குக் கொஞ்சம் கவலை, தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சீனத்தில் சொன்னேன்.

மனேச்சர் சிரித்தார். அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“பாத்தியளே, பயந்திட்டான்” என்றார் அப்பா வெளியில் போய். மேலிடத்துக்கு எழுதவிருந்த முறைப்பாடு இனித் தேவையில்லையாம்.

ஜூன் 13, வெள்ளி

தமிழாக்க ஒரு கடதாசி தந்தார்கள். ‘கிராமத்தவருடனான சந்திப்பு சுமுகமாக முடிந்தது. ஆட்சேபனை எதுவும் தெரிவிக்கப்படவில்லை. இரண்டாம் வரிசைக் கம்புகள் திங்கட்கிழமை நடப்படும்.’

இரண்டாம் வரிசை வந்தால் மிச்சப் பாதி வழியும் போய்விடும். தட்டச்சு செய்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். வெட்கம் கெட்டவள்.

வேலை இன்றிலிருந்து நிரந்தரம். இனி மூன்று மாதம் பார்க்கத் தேவையில்லையாம், நான் பண்பாடு தெரிந்த பிள்ளையாம். தந்த சுடுதண்ணீரை முழுதும் குடித்தேன்.

ஜூன் 14, சனி

வகுப்புக்குப் போகவில்லை. தலையிடி என்று சொன்னேன்.

மத்தியானம் அப்பா எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார்.

“பிள்ளை, அண்டைக்கு நான் சொன்னதை அப்பிடியே சொன்னனியே?”

“ஓம் அப்பா.”

“ஒண்டும் விடாமல்?”

“ஓம்.”

“அதுதானே. இல்லாட்டி அவன் எழும்பிக் கை குடுப்பானே.” தன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்த மீன் தலையை எடுத்து என் கோப்பையில் வைத்தார். “நீ சாப்பிடு. நான் உன்னோடை கதைக்காமல் விட்டது பிழை.”

சாப்பிட்டேன்.

திங்கள் காலை ஏழு மணிக்குக் கம்பு நடத் தொடங்குவார்கள். அப்பா ஐந்தரைக்கே வள்ளத்தை எடுத்துவிடுவார்.